டிரம்மர் தலைமையில் ஒரு ஜாஸ் பியானோ ட்ரியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்க ஆரம்பிப்பவர்களில் பலர் முதலில் வந்து நிற்கும் இடம் பியானோ ட்ரியோ என்ற மூவர் குழுதான். கேட்க இதமாக இருக்கும், வாத்தியங்கள் குறைவு, யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதும் சுலபம். அதில் ஒரு சின்னக் கிளையைப் பற்றியது இந்தப் பக்கம்: டிரம்மரே தலைவராக இருந்து, ஸ்விங் வழியை விட்டு விலகாமல் வாசிக்கும் ட்ரியோக்கள். உதாரணத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்க டிரம்மர் ஜெஃப் ஹாமில்டனின் ட்ரியோவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வகைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இன்று இல்லை என்பது என் கட்சி.

பியானோ ட்ரியோ என்றால் என்னென்ன வாத்தியங்கள்?

பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ். மேற்கத்திய கிளாசிக்கலில் இதே பெயருக்குப் பியானோ, வயலின், செல்லோ என்று பொருள். அது வேறு உலகம்.

ஜாஸிலும் டிரம்ஸுக்கு எடுத்த எடுப்பிலேயே இடம் கிடைத்துவிடவில்லை. 1937இல் லாஸ் ஏஞ்சலஸில் பியானோக் கலைஞர் நாட் கிங் கோல் ஆரம்பித்த ட்ரியோ பியானோ, கிட்டார், பேஸ் கொண்டது. அது பிரபலமானதும் பலர் அதே அமைப்பைப் பின்பற்றினார்கள். 1947இல் பியானோக் கலைஞர் பட் பவல், மேக்ஸ் ரோச்சை டிரம்ஸில் வைத்துக்கொண்டு பதிவு செய்தார். அப்புறம் 1950களில் டிரம்ஸ் உள்ள ட்ரியோ பரவலானது. இன்னொரு பியானோக் கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் மட்டும் 1958 வரை கிட்டாரை விடவில்லை. கிட்டார் வாசித்த ஹெர்ப் எல்லிஸ் விலகிய பிறகு, 1959இல் எட் திக்பென் டிரம்ஸோடு வந்து சேர்ந்தார்.

பின்னால் உட்கார்ந்து தாளம் போடுகிறவர் எப்படித் தலைவர் ஆவார்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயம்தான். பாட்டைப் பியானோ வாசிக்கிறது, அடித்தளத்தைப் பேஸ் பார்த்துக்கொள்கிறது, மிச்சம் இருப்பவர் எதை வைத்துத் தலைமை தாங்குவார்?

மேடைக்கு வெளியே பார்த்தால் விடை எளிது. எந்தப் பாட்டு, எந்த வேகம், யார் யார் குழுவில், எப்படி ஆரம்பித்து எப்படி முடிப்பது, ஆல்பத்தில் எது முதலில் வர வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. நிகழ்ச்சியை ஒப்புக்கொள்வதும் அவர்தான், சம்பளம் கொடுப்பதும் அவர்தான்.

மேடையில் நடப்பது இன்னும் சுவாரசியமானது. மூன்று வாத்தியங்களில் மற்ற இரண்டையும் நொடியில் அமுக்கிவிடக் கூடியது டிரம்ஸ். சத்தம் குறைவானது டபுள் பேஸ். ஆகவே மொத்தக் குழுவின் ஒலியளவுக்கு உச்சவரம்பு போடுவது டிரம்மரின் கைதான். அவர் ஒலியை இறக்கி வாசித்தால் பியானோக்காரர் ஒரு ஒற்றைச் சுரத்தைக்கூட மெதுவாகத் தொட்டுவிட்டுப் போகலாம், அது கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அவர் ஏறினால் மற்றவர்களும் ஏறியே ஆக வேண்டும்.

உதாரணமாக, பியானோ தனி வாசிப்பின் முதல் சுற்று (பாட்டின் முழு அளவு ஒருமுறை) முழுக்க டிரம்மர் பிரஷ்ஷில், அதாவது மெல்லிய கம்பிக் கற்றையில், இருப்பார். இரண்டாம் சுற்று தொடங்கும் இடத்தில் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் குச்சியை எடுத்து ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டுக்குப் போவார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் அந்த இடத்திலிருந்து பேஸ் தடித்துவிடும், பியானோக்காரர் ஒற்றைச் சுரங்களை விட்டு இரண்டு கையும் நிறைய கார்டுகளுக்கு (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) வந்துவிடுவார். யாரும் யாரையும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தலைமை என்று நான் சொல்வது இதை. சத்தத்திலும் நீளமான சோலோவிலும் அதைத் தேடினால் கிடைக்காது.

ஸ்விங் என்று எதைச் சொல்கிறார்கள்? தாளம் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். கர்நாடக சங்கீதத்தில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் இன்னும் சுலபம். நாலு அடி எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியையும் திஸ்ர நடையில் ‘த கி ட’ என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் அடியில் ‘த’ மட்டும் சொல்லுங்கள். இரண்டாவதில் ‘த’வும் ‘ட’வும், நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிடுங்கள். மூன்றாவது முதலாவதைப் போல, நான்காவது இரண்டாவதைப் போல. தா, த–ட, தா, த–ட. ரைடு சிம்பலில் காலங்காலமாக ஒலிப்பது இதுதான். இடது காலால் மிதிக்கும் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டு இரண்டாவது, நான்காவது அடிகளில் ‘ச்சிக்’ என்று மூடும். பேஸ்காரர் நாலு அடிக்கும் நாலு சுரம் என்று நடந்துகொண்டே இருப்பார்.

இதோடு நின்றால் ஸ்விங் வராது. அந்த ‘ட’ கணக்குப்படி சரியாக மூன்றாவது பங்கில்தான் விழும் என்பதில்லை. வேகம் குறைவாக இருந்தால் அது இன்னும் பிந்தி, அடுத்த அடியை ஒட்டி விழும். வேகம் கூடக் கூட முன்னால் நகர்ந்துவரும். மிக வேகமான பாட்டில் அடி சரிபாதியாகவே பிரிந்துவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமுக்குத் திஸ்ரம் கற்றுக்கொடுத்தாலும் அது ஸ்விங் ஆகாததற்கு ஒரு காரணம் இது.

இன்னொன்றும் உண்டு. பழைய பாணி டிரம்மர்கள் வலது காலால் பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்மை நாலு அடிக்கும் மிக மெதுவாகத் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். தனியாகக் காதில் விழக் கூடாது, பேஸ் வாத்தியத்தின் ஒலிக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். நிறுத்தினால் மட்டும் ஏதோ ஒன்று குறைகிறதென்று தோன்றும். இன்றைய இளம் டிரம்மர்கள் பலருக்கு இது வருவதில்லை. ஹாமில்டனுக்கு வரும்.

இந்த இசையை மெயின்ஸ்ட்ரீம் ஜாஸ் என்கிறார்களே, அது என்ன?

1950களில் ஆங்கிலேய விமர்சகர் ஸ்டான்லி டான்ஸ் புழக்கத்தில் விட்ட பெயர். பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியிலும் சேராமல், புதுப் பாணியான பீபாப்பிலும் சேராமல் நடுவில் ஸ்விங் வாசித்துக்கொண்டிருந்தவர்களைக் குறித்தது. இன்று கொஞ்சம் தளர்த்தி, பாட்டும் தாளமும் அடையாளம் தெரிகிற எல்லா நேர்வழி ஜாஸுக்கும் சொல்கிறார்கள்.

ஜெஃப் ஹாமில்டன் யார்?

1953இல் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டில் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்திலேயே லயனல் ஹாம்ப்டன், மான்ட்டி அலெக்சாண்டர், வுடி ஹெர்மன் என்று பெரிய ஆட்களிடம் வாசித்துவிட்டார். 1978இல் எல்.ஏ. ஃபோர் குழுவில் டிரம்மர் ஷெல்லி மேனின் இடத்துக்கு வந்தார். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் கவுன்ட் பேஸி இசைக்குழுவுக்கும் வாசித்திருக்கிறார். 1980களின் இறுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை ரே பிரவுன் ட்ரியோவில் இருந்தார். அங்கே தலைவர் பேஸ்காரர். பியானோ அல்லாத வாத்தியக்காரர் ஒரு பியானோ ட்ரியோவை எப்படி நடத்துவார் என்பதை ஹாமில்டன் கூடவே இருந்து பார்த்திருக்கிறார்.

ஜாஸே கேட்டதில்லை என்று சொல்பவர்களும் இவர் வாசிப்பைக் கேட்டிருக்கலாம். பாடகி டயானா கிராலின், 2002இல் வெளிவந்த பாரிஸ் நேரடிப் பதிவில் டிரம்ஸ் இவர்தான்.

டெனர் சாக்ஸபோன் கலைஞர் ஸ்காட் ஹாமில்டனோடு இந்த ட்ரியோ சேர்ந்து பதிவு செய்திருக்கிறது. உறவுக்காரரா என்று கேட்டு எழுதுபவர்களுக்கு: இல்லை, பெயர்ப் பொருத்தம்தான்.

அவருடைய ட்ரியோவில் அப்படி என்ன விசேஷம்?

மூன்று பேர் வாசிக்கும்போது பின்னால் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பது போன்ற நினைப்பு வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜான் கிளேட்டன், ஜெஃப் கிளேட்டன் சகோதரர்களோடு சேர்ந்து 1985இல் ஹாமில்டன் ஒரு பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் இசைக்குழு) ஆரம்பித்தார். பெயர் கிளேட்டன்-ஹாமில்டன் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா. 1999 முதல் 2001 வரை ஹாலிவுட் பவுல் அரங்கத்தின் ஆஸ்தான ஜாஸ் குழு அதுதான். ட்ரியோவில் பல ஆண்டுகள் இருந்த பியானோக் கலைஞர் தமீர் ஹெண்டல்மனும் பேஸ் கலைஞர் கிறிஸ்டோஃப் லூட்டியும் அந்தப் பெரிய குழுவிலும் வாசித்தவர்கள். ட்ரம்பெட் வரிசை எங்கே பாய வேண்டும், எங்கே எல்லோரும் ஒரே அடியில் வெட்டி நிற்க வேண்டும் என்ற பழக்கம் மூவருக்கும் கையில் ஊறியது.

அந்தப் பழக்கத்தை அப்படியே சுருக்கி ட்ரியோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தனி வாசிப்புகள் முடிந்து பாட்டுக்குத் திரும்பும் முன், பிக் பேண்டில் எல்லாரும் சேர்ந்து முழங்கும் ஒரு பகுதி வரும். ஹெண்டல்மன் அதை இரண்டு கையாலும் கட்டிக்கட்டியான கார்டுகளில் வாசிக்க, ஒவ்வொரு வெட்டுக்கும் அரை அடி முன்னதாகவே ஹாமில்டன் ஸ்னேர் என்ற சிறிய டிரம்மில் ஒரு சின்னத் தள்ளு கொடுத்து விடுவார். கேட்பவருக்கு அடுத்து ஏதோ வருகிறது என்று தெரிந்துவிடும், என்ன வரும் என்று மட்டும் தெரியாது.

தொடக்க ஆண்டுகளில் லாரி ஃபுல்லர் பியானோவிலும் லின் சீட்டன் பேஸிலும் இருந்தார்கள். 2020இல் வந்த ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் ஜான் ஹமார்.

பிரஷ் பிரஷ் என்கிறீர்களே, அதில் என்ன இருக்கிறது?

பிடிக்குள்ளிருந்து விசிறி போல விரியும் மெல்லிய கம்பிக் கற்றைகள். ஒரு கைக்கு ஒன்று. டிரம்ஸில் மற்ற எதை எடுத்தாலும் தட்டினால்தான் சத்தம், தட்டியதும் ஒலி தேய ஆரம்பித்துவிடும். பிரஷ்ஷால் மட்டும்தான் ஒலியை நீட்டிப் பிடிக்க முடியும். இடது கை பிரஷ் தோலைவிட்டு எழாமல் ஸ்னேரின்மேல் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும்: ‘ஷ்ஷூ… ஷ்ஷூ…’ என்று மூச்சு விடுவது போன்ற ஒலி. அந்த வட்டத்தின் மேலே வலது கை ‘தா, த–ட’வைத் தட்டும். இரண்டு கையும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே தோலின்மேல் சுற்றி வருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது.

இதற்கு ஸ்னேர் தோலில் சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு வேண்டும். பூச்சில்லாத வழவழப்பான பிளாஸ்டிக்கில் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும், ஒலி வராது. பூச்சு தேய்ந்துபோன இடத்தில் வட்டம் போட்டாலும் அதே கதைதான். முன்னெல்லாம் கன்றுத்தோல், அதனால் இந்தப் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தது 1950களின் பிற்பகுதியில்.

ஹாமில்டனின் பெயர் முதன்மையாகப் பிரஷ்ஷுக்காகவே பேசப்படுகிறது. மெதுவான பாட்டில் பலர் வட்டத்தை ஒரே அழுத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். இவர் வட்டத்துக்குள்ளேயே அழுத்தத்தை ஏற்றி இறக்குவார். பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் பிரஷ்ஷும் மூச்சு எடுக்கும். வேகமான பாட்டில் பிரஷ்ஷாலேயே முழு சோலோவும் வாசிப்பார். சில சமயம் அதையும் கீழே வைத்துவிட்டு வெறும் கையாலேயே டிரம்ஸை வாசிப்பதுண்டு.

டிரம்மர் தலைவர் என்றால் டிரம் சோலோ நீளுமா? எனக்கு அது அலுப்பு.

எனக்கும்தான். நல்லவேளையாக இந்த வகை ட்ரியோக்களில் அந்தத் தொல்லை குறைவு. தலைவர் பெயர் அட்டையில் இருப்பதால் நிரூபிக்க ஒன்றுமில்லை. பெரும்பாலும் பியானோவும் டிரம்ஸும் நாலு நாலு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) மாறி மாறி வாசித்து, பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அது நம் தனி ஆவர்த்தனம் மாதிரியா?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றும். கிட்டே போனால் மூன்று வேறுபாடுகள் தெரியும். தனியில் மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், பாடகர் கையால் தாளம் போடுவார். இங்கே டிரம்ஸ் பேசுவது பியானோவோடு. இரண்டாவது, குறைப்பு (ஒவ்வொருவர் முறையின் அளவையும் குறைத்துக்கொண்டே போவது) கிடையாது. நாலு பார் என்றால் முடியும் வரை நாலு பார்தான், சில சமயம் எட்டு. மூன்றாவது எனக்குப் பிடித்தது: டிரம்மர் தனியாக வாசிக்கும்போது பெரும்பாலும் யாருமே தாளத்தைக் காட்ட மாட்டார்கள். பாட்டின் மெட்டு எல்லார் மனத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல டிரம்மரின் சோலோவில் அந்த மெட்டை நீங்களும் மனத்துக்குள் பாடிக்கொண்டே போகலாம், திரும்பும் இடம் தப்பாது. கடைசிக் கோர்வை பாட்டின் எடுப்புக்கு வந்து விழும்போது கிடைக்கும் திருப்தி இங்கேயும் உண்டு.

நடுவில் எங்கே இருக்கிறோம் என்றே புரிவதில்லை. என்ன செய்வது?

பெரும்பாலான பழைய பாட்டுகள் 32 பார். எட்டு எட்டாக நாலு பகுதி: முதல் இரண்டும் ஒரே மெட்டு, மூன்றாவது வேறு, நாலாவது மறுபடி முதல் மெட்டு. ப்ளூஸ் என்றால் 12 பார். முதலில் மெட்டை ஒருமுறை முழுக்க வாசிப்பார்கள். அப்புறம் அதே கார்டுகளின்மேல் பியானோ சில சுற்று, பேஸ் ஒரு சுற்று, பிறகு டிரம்ஸோடு மாறி மாறி, கடைசியில் மறுபடி மெட்டு. தொலைந்துபோனால் அந்த மூன்றாவது எட்டுக்குக் காத்திருங்கள். அங்கே நிறம் மாறும். டிரம்மரும் பெரும்பாலும் சிம்பலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

எல்லாம் அப்போதைக்கு வாசிப்பதா, முன்பே எழுதியதா?

தனி வாசிப்பு அப்போதைக்கு. தொடக்கம், முடிவு, நடுவில் வரும் கூட்டு வெட்டுகள் எல்லாம் முன்பே தீர்மானித்தவை. ஹாமில்டன் ட்ரியோவில் தீர்மானித்த பங்கு சற்று அதிகம். அது இறுக்கமாக இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த இறுக்கம் பிடிக்கும்.

பில் எவான்ஸ் ட்ரியோவும் இதுவும் ஒன்றா?

வாத்தியங்கள் ஒன்று, போக்கு வேறு. 1961இல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பில் எவான்ஸ் (பியானோ), ஸ்காட் லஃபாரோ (பேஸ்), பால் மோஷன் (டிரம்ஸ்) மூவரும் பதிவு செய்ததில் பேஸ் நடப்பதையே அடிக்கடி விட்டுவிட்டுப் பியானோவுக்குப் பதில் பேசும். தாளம் சொல்லாமல் சொல்லப்படும். ஸ்விங் ட்ரியோவில் பேஸ் நடந்தே தீர வேண்டும், சிம்பல் சொல்லியே தீர வேண்டும். ஒன்றைவிட ஒன்று உயர்வு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.

ஹாமில்டனுக்கு முன்பு டிரம்மர்கள் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

மூன்று பேரைச் சொல்லியாக வேண்டும்.

ஜோ ஜோன்ஸ் (1911–1985). கவுன்ட் பேஸி குழுவின் டிரம்மர். தாளத்தின் பாரத்தைப் பேஸ் டிரம்மிலிருந்து ஹை-ஹாட்டுக்கு மாற்றியதில் பெரும்பங்கு இவருடையது. இன்று நாம் ஸ்விங் என்று கேட்பதன் லேசான நடை அங்கிருந்து வந்தது. 1950களின் இறுதியில் ரே பிரையண்ட் பியானோவிலும் அவருடைய அண்ணன் டாமி பிரையண்ட் பேஸிலும் இருக்க, தன் பெயரில் ட்ரியோ பதிவுகள் செய்தார். ஹை-ஹாட்டை வைத்துக்கொண்டே ஒரு முழுப் பாட்டையும் சுவாரசியமாக்க முடியும் என்று அதில் தெரியும்.

அடுத்தவர் ஷெல்லி மேன் (1920–1984). 1956 மார்ச்சில் நியூயார்க் பிராட்வேயில் ‘மை ஃபேர் லேடி’ இசைநாடகம் அரங்கேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் அதன் பாட்டுகளை வைத்தே மேன் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். பியானோ ஆந்த்ரே பிரெவின், பேஸ் லெராய் வின்னகர். அட்டையில் பெயர் ஷெல்லி மேனும் நண்பர்களும். ஒரே நாடகத்தின் பாட்டுகளை வைத்து முழு ஜாஸ் ஆல்பம் போடுவது அப்போது புதுசு. விற்பனையில் சக்கைப்போடு போட்டது, அதைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கேட்டுப் பார்த்தால் முன்னால் நிற்பவர் பிரெவின்தான். தன் பெயர் போட்ட ஆல்பத்தில் பியானோக்காரருக்கு அவ்வளவு இடம் விட்டது மேனின் பெருந்தன்மை மட்டுமில்லை, காதும்கூட. பிற்பாடு 1964இல் வந்த அதே நாடகத்தின் திரைப்படத்துக்கு இசையமைப்புத் தழுவலுக்காக பிரெவின் ஆஸ்கர் வாங்கினார்.

மூன்றாவது ராய் ஹெய்ன்ஸ். 1925இல் பிறந்து 2024இல் மறைந்தவர். 1958 நவம்பரில் ஃபினியஸ் நியூபார்ன் (பியானோ), பால் சேம்பர்ஸ் (பேஸ்) இருவரோடும் பதிவு செய்த ‘வீ த்ரீ’ என்னைப் பொறுத்தவரை இந்த வகையின் சிகரம். அதில் ‘ஆஃப்டர் அவர்ஸ்’ என்ற நீண்ட, மெதுவான ப்ளூஸைக் கேளுங்கள். நியூபார்ன் இரண்டு கையிலும் அசுர வேகம் உள்ளவர், எந்த நிமிடமும் ஓடிவிடக் கூடியவர். ஹெய்ன்ஸ் அவசரமே படாமல் அந்த மெதுவான நடையை அப்படியே பிடித்து வைத்திருப்பார். பியானோ எவ்வளவு கொட்டினாலும் அடி ஒரு மயிரிழை நகராது.

எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் 1976இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஜாஸ் விழாவில் மான்ட்டி அலெக்சாண்டர் ட்ரியோ வாசித்த நேரடிப் பதிவு. தலைவர் பியானோக்காரர்தான், ஆனால் 22 வயது ஹாமில்டனும் பேஸ் வாசித்த ஜான் கிளேட்டனும் அதில் காட்டும் உற்சாகத்துக்காகக் கேட்க வேண்டும். அப்புறம் ஹாமில்டன் ட்ரியோவின் 2018ஆம் ஆண்டு சான் பெட்ரோ நேரடி ஆல்பம். இரண்டுக்கும் இடையே 40 வருடத்துக்கு மேல். இளவயதில் நிறைய அடித்தவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன்பின் ‘வீ த்ரீ’.

மொபைல் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். அதில் பேஸ் காணாமல் போய்விடும், பிரஷ் வெறும் இரைச்சலாகிவிடும். சாதாரண ஹெட்போன் போதும்.

நேரில் போனால் எப்போது கைதட்டுவது?

ஒவ்வொருவரின் தனி வாசிப்பும் முடிந்ததும் தட்டலாம், பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாளத்தோடு சேர்ந்து தட்டுவதானால் இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் டிரம்மர் முகம் சுளிப்பார். பேஸ் சோலோவின்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது உலகெங்கும் உள்ள கெட்ட பழக்கம், அதை மட்டும் தவிருங்கள். இடம் பிடிக்கும்போது ஸ்னேர் கண்ணில் படும்படி உட்காருங்கள்.

டிரம்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாணிக்கு எப்படிப் பயிற்சி செய்வது?

மெட்ரோனோமை 60இல் வையுங்கள். அதன் ஒவ்வொரு தட்டையும் ஒன்று என்று எண்ணாமல் இரண்டு, நாலு என்று எண்ணுங்கள். இப்போது உங்கள் வேகம் 120, மெட்ரோனோம் உங்கள் ஹை-ஹாட். முதலில் தடுமாறும். நிலைத்ததும் ரைடு சிம்பலில் ‘தா, த–ட’வை மட்டும், வேறு எதையும் சேர்க்காமல், ஒரே ஒலியளவில் வாசியுங்கள். ஸ்னேரைத் தொட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், தொட விடாதீர்கள். அது கைக்கு வந்த பிறகு பிரஷ். டிரம்ஸ் இல்லாத நேரத்தில் சொரசொரப்பான ஒரு காகித அட்டையின்மேல் வட்டம் போட்டுப் பழகலாம். ராத்திரி பத்து மணிக்குக்கூடச் செய்யலாம், பக்கத்து வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.